குல்மார்க்கில் ஒரு மைனஸ் எட்டு!

காஷ்மீரில் நான் பார்த்த முதல் காட்சி என்ன தெரியுமா? ஒன்றுமே இல்லை!

ஸ்ரீநகர் விமான நிலைய வாசலில் டாக்ஸிக்காகப் பத்து நிமிஷம் நடுங்கிக் கொண்டு நின்றோம். பிறகு ஹீட்டர் போட்ட காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவுதான்... கொதிக்கிற இட்லிக் கொப்பரையைத் திறந்து முகத்தை நீட்டின மாதிரி, கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி படர்ந்துவிட்டது. முந்தானையைத் தேடினால், அது ஸ்வெட்டருக்குள், ஸ்வெட்டர் கோட்டுக்குள்!

“அதோ பாரு, சினார் மரம்! இலையே இல்லாம மொட்டையா நிக்குது பாரு!” என்றார் எங்க வீட்டுக்காரர்.

“எங்கேங்க?”

“போயிடுச்சு.”

இப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் குல்மார்க் பயணம். 2023 பிப்ரவரி கடைசி வாரம். எனக்கு வயது 49. இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் எட்டு. போகிற காரியமோ பனிச்சறுக்கு!

‘உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் கேட்காதவர்கள் பாக்கி இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், என் நாலாம் வகுப்புக்குப் போக வேண்டும்.

நாலாம் வகுப்பில் எனக்குக் கண்ணாடி போட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது ஒரே பாட்டு: “ஓடாதே, கண்ணாடி உடைஞ்சிடும்”, “குதிக்காதே, கண்ணாடி உடைஞ்சிடும்.” எட்டாம் வகுப்பில் கோ-கோ டீமுக்கு ஆள் எடுத்தார்கள். நான் நன்றாகவே ஓடுவேன். டிரில் டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கண்ணாடி போட்ட பிள்ளை எல்லாம் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஸ்கோர் எழுது” என்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார். அந்த நோட்டை நான் அப்புறம் கீழே வைக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேயில் ஸ்கோர், பையனின் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர், ஆபீஸ் கேரம் போட்டியில்கூட நான்தான் ஸ்கோர்!

டெல்லியில் வேலை பார்க்கிற பையன் போன வருஷமே குல்மார்க் போய்ச் சறுக்கக் கற்றுக்கொண்டு வந்தான். “அம்மா, அடுத்த தடவை நீயும் வா. அம்பது வயசுக்காரங்க எல்லாம் கத்துக்கறாங்க” என்றான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அன்றைக்கு ஏனோ, “சரிடா” என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிற ஐயா ஞாபகத்துக்கு வந்தார்.

முதலில் கண் டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவைப் பெரிசாக்கி, அரை மணி நேரம் விழித்திரையைப் பார்த்தார். “மைனஸ் பவர் ஜாஸ்தி இருக்கிறவங்களுக்குக் கண் உருண்டை நீளமா இருக்கும். அதனால விழித்திரை இழுபட்டு மெலிசாகும். அது பிரிஞ்சு வர்ற அபாயம் மத்தவங்களைவிட உங்களுக்கு ஜாஸ்தி. போறதுக்கு முன்னாடி வந்து காட்டினது நல்லதும்மா” என்றார். நல்லவேளை, எனக்கு ஓட்டையோ கிழிசலோ இல்லை. “குழந்தைங்க கத்துக்கற சரிவோட நிறுத்திக்குங்க. குதிக்கிற வேலை வேண்டாம். கண்ணுக்குள்ள மின்னல் வெட்டற மாதிரி இருந்தாலோ, திடீர்னு கரும்புள்ளிங்க கூட்டமா மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருட்டினாலோ, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்கக் கூடாது” என்று மூன்று விஷயத்தையும் சீட்டில் எழுதியே கொடுத்தார்.

“கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கலாமா டாக்டர்?”

“ஏற்கெனவே போட்டுப் பழகினவங்களா இருந்தா அதான் சுலபம். தினம் ஒண்ணு போட்டுத் தூக்கி எறியற ரகம் இருக்கு. நீங்க இதுவரைக்கும் போட்டதே இல்லை. கண்ணு வேற வறண்டிருக்கு. மலையில காத்தே வறட்சியா இருக்கும். ஊருக்குக் கிளம்பறப்போ புதுசா ஆரம்பிக்காதீங்க.”

ஆசைக்கு ஒரு தடவை அங்கேயே முயற்சி செய்து பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் லென்ஸ் என் கன்னத்தில் இருந்தது, புடவையில் இருந்தது, நர்ஸம்மா கையில் இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை.

அடுத்து, திருச்சியில் எங்கள் வழக்கமான கண்ணாடிக் கடை. கடைத்தம்பி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அக்கா, பனியில சறுக்கறதுக்குக் கண்ணாடியா? இந்தக் கடையில நீங்கதான் முதல் கஸ்டமர்!” என்று உற்சாகமாகிவிட்டான். பையன் டெல்லியிலிருந்து ஹெல்மெட்டும், அதற்கு மேல் மாட்டுகிற பெரிய காகிள்ஸும் அனுப்பியிருந்தான். “மூணையும் சேர்த்துப் போட்டுப் பார்க்காம அளவு சொல்ல முடியாதுக்கா. நாளைக்கு எல்லாத்தையும் கொண்டு வாங்க” என்றான்.

ஜனவரி மாதம், பகல் பன்னிரண்டு மணி, திருச்சி வெயில். கண்ணாடிக் கடை நாற்காலியில் நான் ஹெல்மெட்டும் காகிள்ஸுமாக உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். “வண்டி ஓட்டறதுக்கு இப்படிக்கூட வந்திருக்கா?” என்று ஒரு பெரியவர் விசாரித்தார். எங்க வீட்டுக்காரர் வெகு அக்கறையாகச் சொன்னார்: “பார்க்க அப்படியே தேனீ மாதிரி இருக்கே!”

முதல் தகராறு, என் கொண்டை. ஹெல்மெட் இறங்கவே இல்லை. கொண்டையை அவிழ்த்துத் தழையப் பின்னல் போட்ட பிறகுதான் இறங்கியது. இரண்டாவது, ஜிமிக்கி. காதுப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டு உயிரை எடுத்தது. கழற்றிக் கைப்பையில் போட்டேன். மூன்றாவது, சாட்சாத் என் கண்ணாடி. அதன் அகலம் 14 செ.மீ. காகிள்ஸின் உள்ளகலம் 13½. அரை சென்டிமீட்டரில் மானம் போயிற்று.

தம்பி விளக்கமாகச் சொன்னான். கண்ணாடிக்காரர்களுக்கு இதில் மூன்று வழி இருக்கிறதாம்.

முதல் வழி, காகிள்ஸின் லென்ஸையே பவர் போட்டுச் செய்வது. செலவு ஜாஸ்தி, வளைந்த லென்ஸில் மைனஸ் எட்டைக் கொண்டு வருவதும் லேசில்லை. இரண்டாவது வழி, காகிள்ஸுக்கு உள்ளே கிளிப் மாதிரி மாட்டுகிற ஒரு குட்டி ஃப்ரேம். காதுக்குக் கம்பியே கிடையாது என்பதால் ஹெல்மெட் அழுத்தாது. சின்னப் பவர்காரர்களுக்கு நல்லது. “ஆனா, உங்க பவருக்கு லென்ஸ் தடிமனா வரும். இமைமுடி போய் இடிக்கும். தவிர, உள்ளேயே இன்னும் ரெண்டு பக்கம் ஆவி பிடிக்க இடம் கொடுத்த மாதிரி ஆயிடும்” என்றான். மூன்றாவது, நம் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்கிற ஆழமான காகிள்ஸ். அதன் பக்கவாட்டு ஸ்பான்ஜில், கண்ணாடிக் கம்பி போவதற்கு வழி வெட்டியிருக்கும். பையன் வாங்கி அனுப்பியதும் அந்த ரகம்தான். ஆக, காகிள்ஸுக்குத் தகுந்த மாதிரி நான் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

“சின்ன ஃப்ரேமா எடுங்கக்கா. மைனஸ் லென்ஸ் ஓரத்துலதான் தடிமன். ஃப்ரேம் சின்னதானா ஓரமும் மெலிசாகும். காதுக் கம்பி மெல்லிசா, நேரா இருக்கணும். அப்பதான் ஹெல்மெட் போட்டப்புறம்கூடச் சொருகலாம், காதுக்குப் பின்னால அழுத்தாது. லென்ஸ் பாலிகார்பனேட். இன்னும் மெல்லிசா வேற இருக்கு. ஆனா விழுந்து எழறப்போ இதான் லேசுல உடையாது. உண்மையான கண்ணாடியில செஞ்ச லென்ஸைப் போட்டுக்கிட்டு மட்டும் போயிடாதீங்க, கண்ணுல குத்திடும்.”

“வெயில்ல கறுப்பா மாறுமே, அதுல செஞ்சிடேன்?”

“வேண்டாம்க்கா. அது புற ஊதாக் கதிர் பட்டாத்தான் கறுக்கும். மேலே போடற காகிள்ஸே அந்தக் கதிரைத் தடுத்துடும். உள்ளே இருக்கிறது கறுக்காது. வீண் செலவு.”

படிக்கிற பவரையும் சேர்க்க வேண்டாம் என்று அவனே சொன்னான். கீழ்ப்பாதியில் படிக்கிற பவர் இருந்தால், காலைக் குனிந்து பார்க்கும்போது பனி மங்கலாகத் தெரியுமாம். தூரப் பார்வை மட்டும் போதும். பனிச்சரிவில் உட்கார்ந்து நான் என்ன வாரப் பத்திரிகையா படிக்கப் போகிறேன்?

கடைசியாக ஒரு ஃப்ரேமை எடுத்து நீட்டினான். பளீரென்று மிளகாய்ப்பழச் சிவப்பு!

“ஏன்டா தம்பி, என் வயசென்ன, இந்தக் கலர் என்ன?”

“பனியில கீழே விழுந்தா தெரியணும்ல? வெள்ளி கலர்ல எடுத்தா அடுத்த வருஷம் பனி உருகினப்புறம்தான் கிடைக்கும்!”

வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டினேன். பழைய கண்ணாடி ஸ்பேர் என்று முடிவாயிற்று.

டாங்மார்க் வரை சாதாரண டாக்ஸி. அங்கிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர். பனி கொட்டியிருந்தால், சக்கரத்துக்குச் சங்கிலி போட்ட வண்டியோ, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியோதான் ஏறும். இரண்டு பக்கமும் பைன் மரங்கள் தலையில் ஒரு மூட்டைப் பனியைச் சுமந்து நிற்கின்றன. கம்பளி ஃபெரன் அங்கிக்குள் காங்கிடி என்ற நெருப்புக் கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆட்கள் நடக்கிறார்கள். ‘வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு’ என்று நாம் சொல்வதை அங்கேதான் நேரில் பார்த்தேன்!

குல்மார்க் என்றால் பூக்களின் புல்வெளி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். வெள்ளைக்காரன் கோடையில் கோல்ஃப் ஆட வந்த இடம்; 1902-ல் கட்டின அவன் சர்ச் இன்னும் இருக்கிறது. குளிர்காலத்தில் புல்லும் தெரியாது, பூவும் தெரியாது. தயிரை ஏடு கலையாமல் தட்டில் கவிழ்த்த மாதிரி ஒரு பெரிய வெண்மை. மேலே அஃபர்வாட் மலை. கேபிள் காரில் இரண்டு கட்டமாக ஏறலாம்: 1998-ல் வந்த முதல் கட்டம் கோங்தூரி வரை, 2005-ல் வந்த இரண்டாவது சுமார் 3,950 மீட்டர் வரை. மேல் சரிவுகள் கை தேர்ந்தவர்களுக்கு. அந்த பிப்ரவரி முதல் தேதியன்று அங்கே பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் இறந்து போயிருந்தார்கள். எனவே பையனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மேலே அனுப்பினேன்: முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நான் கற்றுக்கொண்டது கீழே, குழந்தைகளும் புதியவர்களும் உருளுகிற சாய்வில். மாஸ்டர் இருபத்தைந்து வயதுக் காஷ்மீரிப் பையன். பாதரசக் கண்ணாடி மாதிரி மின்னுகிற காகிள்ஸ், ஓயாத சிரிப்பு. என்னை “ஆன்ட்டிஜி” என்றான். நான் இந்திப் பிரசார சபாவில் பிரவேசிகா வரை பாஸ் பண்ணினவள். ‘ராமன் பள்ளிக்கூடம் போகிறான்’ என்று தெளிவாகச் சொல்வேன். ‘என் கால் எங்கே போகிறது?’ என்று கேட்க அந்தப் பாடத்தில் சொல்லித் தரவில்லை.

முதல் நாள் நல்ல வெயில். காகிள்ஸைப் போடாமல் ஒரு நிமிஷம் நின்றேன். கண் கூசிக் கண்ணீர் வந்துவிட்டது. மாஸ்டர் ஓடி வந்து மாட்டச் சொன்னான். உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவிகிதம் கூடுகிறது. புதுப் பனி, தன் மேல் விழுகிற அந்தக் கதிரில் எண்பது சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். மேலேயும் வெயில், கீழேயும் வெயில்! வெறும் கண்ணோடு நின்றால் கண்ணின் கருவிழியே வெந்து போய், ராத்திரி மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துமாம்.

அன்றைக்குப் பாடம் நடப்பதும் விழுவதும் மட்டும். அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடந்தால், சந்திரனில் இறங்கிய ஆள் மாதிரிதான் நடக்க முடியும். காலில் ஆறடிப் பலகை ஒன்றல்ல, இரண்டு. “முன்பக்கம் இரண்டையும் நெருக்கி, பின்பக்கம் அகட்டு ஆன்ட்டிஜி. நிற்கும்” என்றான் மாஸ்டர். முக்கோணமாக மடித்த தோசை! அது நன்றாகவே புரிந்தது. கால்களுக்குத்தான் புரியவில்லை. நான் விழும்போதெல்லாம், சறுக்கு வண்டி இழுக்கிற ஆட்கள் நாலு பேர் ஓடி வந்து, “ஸ்லெட்ஜ், மேடம்?” என்று கேட்டார்கள். உட்கார்த்தி வைத்துக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அந்த டிரில் டீச்சர் ஸ்கோர் நோட்டை நீட்டுகிற மாதிரியே இருந்தது. “நஹீம்” என்று பிரவேசிகா உச்சரிப்பில் கத்தினேன்.

சாயங்காலம் பழைய கண்ணாடியோடு மேட்டின் மேல் இருக்கிற சிவன் கோயிலுக்குப் போனோம். மகாராஜா காலத்துக் கோயில், 1974-ல் வந்த ‘ஆப் கி கஸம்’ இந்திப் படத்தில் ராஜேஷ் கன்னாவும் மும்தாஜும் ஆடிப் பாடின இடம். செக்கச் சிவந்த கூரை, சுற்றிலும் பனி. (அந்தக் கோயில் 2024 ஜூனில் தீப்பிடித்து எரிந்துபோன செய்தியைப் படித்தபோது மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.) இறங்கி வந்து டீக்கடைக்குள் நுழைந்தேன். பழைய கண்ணாடி வெயிலில் கறுக்கிற ரகம். குளிரில் அது இன்னும் நன்றாகக் கறுக்கும். வெளுக்கத்தான் நேரம் ஆகும். அதன் மேல் ஆவி வேறு. தட்டுத் தடுமாறி, அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் பக்கத்தில் அமர்ந்து, “ஏங்க, காலெல்லாம் ஒரே வலி, ராத்திரி கொஞ்சம் தைலம் தேச்சு விடுங்க” என்றேன். பதிலே இல்லை. கண்ணாடி தெளிந்ததும் பார்த்தால், தாடி வைத்த ஒரு பெரியவர் திகிலோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்! என் வீட்டுக்காரர் எதிர் மேஜையில் காவா குடித்துக்கொண்டு, “எனக்கு ஆட்சேபணை இல்லே” என்றார்.

இரண்டாம் நாள்தான் சோதனை.

காலையிலிருந்தே மூட்டம். ஹோட்டலில் கிளம்பும்போது வீட்டுக்காரர் மங்கி கேப்பை நீட்டினார். “ஹெல்மெட்டுக்குள்ள இதைப் போட்டுக்கோ. காதுல காத்துப் புகுந்தா அவ்வளவுதான்!” நம் ஊர் ஆண்களுக்கு மங்கி கேப் என்பது பூணூல் மாதிரி, பனிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் தரித்தே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. போட்டு, மூக்கு வரை இழுத்து, அதற்கு மேல் கண்ணாடி, ஹெல்மெட், காகிள்ஸ் எல்லாம் மாட்டினேன். கண்ணாடியில் கட்டிக்கொள்ளக் கடைத்தம்பி ஒரு கயிறும் கொடுத்திருந்தான். ஹெல்மெட்டுக்குள் அது பின்னங்கழுத்தில் உறுத்துகிறது என்று பெட்டியிலேயே போட்டுவிட்டேன். இரண்டும் எவ்வளவு பெரிய தப்பு என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

சரிவின் பாதிக்கு மேல் ஏறி நின்றோம். மாஸ்டர் முன்னால், நான் பின்னால். தோசை மடிப்பில் மெதுவாக இறங்குகிறேன். மூச்சு வாங்குகிறது. விட்ட மூச்சு எங்கே போகும்? வாயை மங்கி கேப் மூடியிருக்கிறது. நேரே மேலே, காகிள்ஸுக்குள்! காகிள்ஸுக்கு அடியில் காற்றுப் போக விட்டிருந்த துவாரங்களையும் கம்பளி அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் கண்ணாடி ஓரம் மங்கியது. அப்புறம் நடு. அப்புறம் உலகமே போயிற்று.

நின்றேன். நின்றேன் என்ன, உட்கார்ந்தேன். காகிள்ஸை ஹெல்மெட் மேல் ஏற்றினேன். கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கையுறையைக் கழற்றி இழுத்தேன். கம்பி மங்கி கேப்புக்குள் சிக்கியிருந்தது. இன்னும் வேகமாக இழுத்தேன். விட்டுக்கொண்டு, விரலில் நிற்காமல், எங்கேயோ பறந்துவிட்டது.

மைனஸ் எட்டு என்றால் என்ன என்று கண்ணாடி போடாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு மீட்டரை எட்டால் வகுங்கள்: பன்னிரண்டரை சென்டிமீட்டர். அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே. என் கண்ணுக்குத் தெளிவான உலகம் அதோடு முடிந்தது. அதற்கு அப்பால் எல்லாம் கலங்கல். ஊரில் என்றால், கலங்கலிலும் சுவர் பச்சை, கதவு நீலம் என்று அடையாளம் பிடித்து நடந்துவிடுவேன். இங்கே வானம் வெள்ளை, தரை வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் எல்லை கிடையாது. எது மேடு, எது பள்ளம் என்று தெரியவில்லை. நான் நகர்கிறேனா நிற்கிறேனா என்பதே தெரியவில்லை. எங்கிருந்தோ ‘சர்ர்’ரென்று ஒரு சத்தம் நெருங்குகிறது, ஒரு கறுப்பு நிழல் பக்கத்தில் கடந்து போகிறது. நாற்பது வருஷமாக எல்லாரும் சொன்னது இதைத்தானோ என்று தொண்டையை அடைத்தது. ‘கண்ணாடி போட்ட பிள்ளை அந்தப் பக்கம் உட்காரு.’

“ஆன்ட்டிஜி! ஹில்னா மத்!” அசையாதீர்கள் என்று மாஸ்டர் கத்தினான். பக்கத்தில் வந்து, தன் பலகைகளைக் கழற்றி எனக்கு மேல்பக்கமாகப் பெருக்கல் குறி மாதிரி பனியில் குத்தி நிறுத்தினான். மேலேயிருந்து வருகிறவர்களுக்கு, ‘இங்கே ஆள் விழுந்திருக்கிறது, ஒதுங்கிப் போ’ என்று அர்த்தம். எவனாவது கண்ணாடி மேலேயே ஏறிவிடாமல் இருக்கவும் அதுதான் காவல். பிறகு மண்டியிட்டுத் தேடினான். கிடைக்கவில்லை. புதுப் பனி, மாவு மாதிரி. விழுந்த பொருள் உள்ளே போய் மேலே மூடிக்கொள்ளும்.

“ஸ்லெட்ஜ் கூப்பிடட்டுமா ஆன்ட்டிஜி? கீழே போய் வேறு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்” என்றான் தயங்கித் தயங்கி.

அந்த வார்த்தைதான் என்னை உசுப்பியது. “ஏக் மினிட்” என்றேன். அவனைவிட எனக்கு ஒரு வசதி இருக்கிறதே! தூரத்தில்தான் நான் குருடி. அரைச் சாணில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊசியில் நூல் கோக்கவும், அரிசியில் வண்டு பொறுக்கவும் இன்றைக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவேன். என் பலகைகளைக் கழற்றித் தரச் சொன்னேன். அப்படியே குப்புறக் கவிழ்ந்து, மூக்கு பனியில் படுகிற மாதிரி முகத்தை வைத்து, கையெட்டும் தூரத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தேன். வீட்டில் மூக்குத்தித் திருகு விழுந்தால் தேடுவோமே, அதே முறை! பனித் துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கல்கண்டைப் பொடித்த மாதிரி அவ்வளவு அழகாகத் தெரிந்தது. விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன.

மூன்றாவது பாத்தியில் ஒரு சின்ன ஓட்டை. அதன் அடியில், நூலளவு ஒரு சிவப்பு.

மிளகாய்ப்பழச் சிவப்பு!

“மில் கயா!” என்று நான் போட்ட சத்தத்துக்குச் சரிவே திரும்பிப் பார்த்திருக்கும். கடைத்தம்பி, நீ நல்லா இருக்கணும்டா ராஜா!

அப்புறம் மாஸ்டர் நடுப் பனியிலேயே எனக்கு வகுப்பு எடுத்தான். முதலில் அந்த மங்கி கேப்பைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். ஹெல்மெட்டுக்குள் தடித்த கம்பளி ஆகாது, ஹெல்மெட் சரியாகப் பொருந்தாது. மூக்கை மூடினால் மூச்செல்லாம் காகிள்ஸுக்குள்தான் ஏறும். இரண்டாவது, காகிள்ஸை நெற்றிக்கோ ஹெல்மெட்டுக்கோ ஏற்றக் கூடாது. வியர்வைச் சூடும் பனியும் உள்ளே புகுந்துவிடும். போட்டால் போட்டபடி இருக்க வேண்டும். மூன்றாவது, உள்ளே பனி புகுந்தால் உதற வேண்டுமே தவிரத் துடைக்கக் கூடாது. ஆவி பிடிக்காமலிருக்க உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கிறது. கையுறையால் தேய்த்தால் அதுவும் போய்விடும். நாலாவது, மூட்டமான நாளில் கறுப்பு லென்ஸ் கூடாது. மஞ்சளோ ரோஸோ போட்டால்தான் மேடு பள்ளத்தின் நிழல் தெரியும். தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் லென்ஸ் காகிள்ஸை எடுத்து எனக்கு மாட்டிவிட்டான். கண்ணாடியை மட்டும் மெல்லிய காய்ந்த துணியால் ஒற்றிக் கொடுத்தான்.

காகிள்ஸின் மேல் விளிம்பு ஹெல்மெட்டோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். இடைவெளி இருந்தால் நெற்றி விறைக்கும்; ஹெல்மெட் ரொம்ப இறங்கியிருந்தால் காகிள்ஸை மூக்கின் மேல் அழுத்திக் காற்றுத் துவாரத்தை மூடிவிடும். எல்லாம் சரியாக இருந்தது. நான் மூச்சை முன்பக்கமாக ஊதினேன். கண்ணாடி மங்கவில்லை.

மஞ்சள் லென்ஸுக்குள் சரிவு தோசைக்கல் மாதிரி தெளிவாக விரிந்தது. முன்னால் போனவர்களின் தடங்கள், சின்ன மேடுகள், அதன் நிழல்கள்... கீழே புள்ளியாக டீக்கடை.

“சலேம்?” என்றான் மாஸ்டர்.

போனேன். தோசையை மடித்துக்கொண்டு, கொஞ்சம் விரித்து, மறுபடி மடித்து... நூறு மீட்டர் இருக்குமா? அதற்குள் ஒரு இடத்தில் மடிப்பு முழுசாக விரிந்து, பலகை இரண்டும் நேராகி, காற்று கன்னத்தில் அறைந்தது. ஓடுவது மாதிரியே இருந்தது. எட்டாம் வகுப்பு மைதானத்தில் நான் ஓடாமல் விட்டேனே, அந்த ஓட்டம்! கத்தினேனா, சிரித்தேனா, தெரியாது. கீழே வந்து நிற்கத் தெரியாமல், டீக்கடை வாசலில் குவித்திருந்த பனியில் முகம் குப்புறப் போய் நின்றேன். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

மூன்றாம் நாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கேபிள் காரில் கோங்தூரி வரை மூன்று பேரும் போனோம். என் மிளகாய்ப்பழக் கண்ணாடியோடு அந்த மலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு மலையும் ‘போயிடுச்சு’ ஆகவில்லை. பெட்டியிலிருந்த கயிறு அன்றைக்குக் கண்ணாடியில் இருந்தது. கொஞ்சம் உறுத்தியது, பரவாயில்லை.

மத்தியானம் மறுபடி என் பழைய சரிவில் நாலு தடவை இறங்கினேன். களைத்துப் போய் டீக்கடைக்குள் வந்து, இந்தத் தடவை ஆவி அடங்கும் வரை நின்று, ஆளை நன்றாக உறுதி செய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் மங்கி கேப்போடு, ஹோட்டல் பில்லின் பின்பக்கம் ஏதோ கோடு கோடாகக் கிழித்து வைத்திருந்தார்.

“என்னங்க இது?”

“ஸ்கோர்” என்றார். “விழுந்தது பதினொண்ணு. எழுந்தது பதினொண்ணு.”